சிரிப்பு இருக்கிறது, சேர்வதில்தான் சிக்கல்

ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் இரண்டு தீர்ப்புகளைக் கையோடு கொண்டுவருவார்கள். ஒன்று பிள்ளையைப் பற்றியது: "அதுக்குப் பாசம்னா என்னன்னே தெரியல. அம்மாவும் ஒண்ணுதான், சுவரும் ஒண்ணுதான்." இன்னொன்று அம்மாவைப் பற்றியது: "பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை பேசியிருந்தா இப்படி ஆகியிருக்குமா? போனைக் கையில குடுத்துட்டு இவ வேலையப் பாத்துக்கிட்டு இருந்தா." பிள்ளைக்கு உணர்ச்சியே கிடையாது என்றால் அம்மா எவ்வளவு பேசித்தான் என்ன பயன்? அம்மா பேசாததுதான் காரணம் என்றால் பிள்ளைக்கு உணர்ச்சி இருக்கிறது என்றுதானே ஆகிறது? ஒன்றையொன்று வெட்டும் இந்த இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வரும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. இரண்டுமே தவறு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அம்மாவையும் பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்து, அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் எழுதி வைத்த ஆதாரத்தை நம்பிச் சொல்கிறேன்.

அந்த ஆதாரங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அப்போது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஜெரால்டின் டாசனும் அவருடைய குழுவினரும் செய்தது. ஆட்டிசம் உள்ள 16 பிள்ளைகள், இல்லாத 16 பிள்ளைகள், அவரவர் அம்மாக்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் வயதைப் பார்த்து ஜோடி சேர்க்காமல், சொன்னதைப் புரிந்துகொள்ளும் திறன் சமமாக இருக்கும்படி பார்த்துச் சேர்த்தார்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதையும், நேருக்கு நேர் உட்கார்ந்து தின்பண்டம் சாப்பிடுவதையும் வீடியோ எடுத்தார்கள். பிறகு அதைப் போட்டுப் பார்த்து, பிள்ளை அம்மா முகத்தை எப்போது பார்த்தது, எப்போது சிரித்தது, அம்மா எப்போது சிரித்தார் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அன்பு, பாசம் போன்ற பெரிய சொற்களை ஓரம் வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற இரண்டே இரண்டு காரியங்களை, பார்வையையும் சிரிப்பையும், எண்ணிய ஆய்வு அது. அதனாலேயே அதை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

நேருக்கு நேர் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்த தடவைகளும் நேரமும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறையவில்லை. அவர்கள் சிரித்த சிரிப்பும் குறையவில்லை. இதை இன்னொரு முறை படிக்கச் சொல்வேன், ஏனென்றால் ஆட்டிசம் பற்றி ஊரில் உலவும் பாதிப் பேச்சு இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. குறைந்தது வேறொன்று. மற்றப் பிள்ளைகள் அம்மாவைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள்; பார்வையும் சிரிப்பும் ஒரே செயலாக வந்தன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அந்த இரண்டும் சேர்ந்து வந்தது மிகக் குறைவு. பார்க்கும்போது பார்த்தார்கள், சிரிக்கும்போது சிரித்தார்கள், ஆனால் சிரிப்பு வந்த நேரத்தில் கண் வேறெங்கோ இருந்தது. அதோடு, அம்மா சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பதும் மற்றப் பிள்ளைகளைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சி இல்லாத பிள்ளைகள் அல்ல அவர்கள். அந்த மகிழ்ச்சி எதிரில் இருப்பவருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாடகருக்கும் தாளம் தெரியும், மிருதங்கக்காரருக்கும் தாளம் தெரியும். எடுப்பு மட்டும் ஒருவருக்கொருவர் ஓர் அட்சரம் தள்ளிப்போனால், இருவரின் வித்வத்தும் இருந்தும் கச்சேரி ஒட்டாது. கேட்பவர்கள் யாரோ ஒருவருக்குத் தாள ஞானம் இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். அம்மாவும் பிள்ளையும் விஷயத்தில் அந்தப் பழி முதலில் பிள்ளைக்குப் போகிறது, அப்புறம் அம்மாவுக்கு வருகிறது.

அம்மாவுக்கு வரும் பழிக்குத் தீனி போடுவதுபோல ஒரு முடிவும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் இந்த வாதத்துக்கு மதிப்பு இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள், மற்ற அம்மாக்களைவிடக் குறைவாகவே சிரித்தார்கள். பிள்ளை சிரித்தபோது பதிலுக்குச் சிரிப்பதும் அவர்களிடம் குறைவாக இருந்தது. இந்த வரியை மட்டும் கத்தரித்து எடுத்து ஒரு சொந்தக்காரர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "பாத்தியா, ஆராய்ச்சியே சொல்லுது" என்று ஆரம்பித்துவிடுவார். ஆனால் ஆய்வாளர்கள் எழுதிய ஊகம் நேர் எதிரானது: பிள்ளையின் வழக்கத்துக்கு மாறான உணர்ச்சி வெளிப்பாடு, எதிரில் இருப்பவரின் நடத்தையையும் மாற்றிவிடுகிறது என்பதே அது. யோசித்துப் பாருங்கள். பதில் சிரிப்பு நாம் திட்டமிட்டுச் செய்கிற காரியம் இல்லை. ஒருவர் நம் கண்ணைப் பார்த்துச் சிரித்தால் நம் உதடு தானாக விரிகிறது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தால், எதற்காகச் சிரிக்கிறார் என்று நாமும் ஜன்னலைத்தான் பார்ப்போம். அம்மாவும் மனுஷிதான். நாள் முழுக்கத் தான் சிரித்த சிரிப்புக்குப் பதில் வராமல், பிள்ளையின் சிரிப்பும் தன்னை நோக்கி வராமல் மாதக்கணக்கில் போனால், அவர் முகம் கொஞ்சம் அடங்கிப்போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பாசம் குறைந்ததற்கு அது அடையாளம் அல்ல. பதில் வராத பேச்சைத் தொடர்ந்து பேசுகிற எவருக்கும் நேர்வதுதான்.

காரணத்தையும் விளைவையும் மாற்றிப்போட்டால் எவ்வளவு கேடு வரும் என்பதற்கு வரலாறே சாட்சி. 1943இல் அமெரிக்காவில் பால்டிமோரில் இருந்த மனநல மருத்துவர் லியோ கேனர், 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக முதன்முதலில் விரிவாக வர்ணிக்கப்பட்டது. பிறரோடு உணர்வால் ஒட்டும் திறன் இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குறைந்திருக்கிறது என்று அந்தக் கட்டுரையின் முடிவில் எழுதிய அவரே, பெற்றோர்களில் மனக்கனிவு உள்ளவர்கள் மிகச் சிலரே என்றும் குறிப்பிட்டார். 1949இல் இன்னும் ஒரு படி போய், அந்தக் குடும்பங்களின் குளிர்ச்சியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார். "ஃபிரிட்ஜ் அம்மா" என்ற பழி அங்கிருந்து கிளம்பியது. சிகாகோவில் பிள்ளைகளுக்கான சிகிச்சைப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய புத்தகம் அந்தப் பழியை நடுத்தர வர்க்க வீடுகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. நாஜி வதை முகாம்களில் கைதியாக இருந்து மீண்டவர் அவர். அந்தக் கைதிகளின் நிலையோடு இந்தப் பிள்ளைகளின் நிலையை ஒப்பிட்டார். அப்படியானால் வீட்டில் அம்மா யார் என்பது சொல்லாமலே விளங்கும். பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிப்பதே வைத்தியம் என்று அந்தக் காலத்தில் ஆயிற்று. அதே 1967இல்தான், மாசசூசெட்ஸில் வாழ்ந்த கிளாரா கிளைபோர்ன் பார்க் என்ற தாய், தன் மகளோடு ஒட்டுவதற்குத் தான் வருடக்கணக்கில் செய்த முயற்சிகளை ஒரு புத்தகமாக எழுதினார். ஒருவர் அம்மாவின் மனத்துக்குள் இல்லாத வெறுப்பைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா தன் பிள்ளை எப்போது, எதற்கு, எப்படி எதிர்வினை காட்டுகிறாள் என்று உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாரும் நடந்தது அந்த அம்மாவின் வழியில்தான்.

பழியை அறிவியல் தகர்த்தது மெதுவாகத்தான் நடந்தது. தானே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்ட் 1964இல், இது மூளை சார்ந்த நிலை என்று வாதிட்டுப் புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை கொடுத்தவர் கேனர். 1969இல் பெற்றோர்கள் கூடிய ஒரு மாநாட்டில் கேனர், பெற்றோர் மேல் குற்றம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் இருவருக்கும் இருந்தது ஒன்றில்கூட இல்லை. ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. முடிவை மாற்றியது மரபணுப் பங்கு. அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் எல்லாம் இந்தத் திசையையே உறுதிசெய்தன.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். "கைக்குழந்தையா இருக்கும்போது நல்லாத்தானே சிரிச்சான்? அப்புறம்தானே மாறினான்? அப்ப நடுவுல எதுவோ நடந்திருக்கணும்ல?" முதல் பாதி பல வீடுகளில் உண்மை. 2010இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த சாலி ஓசோனாஃப் குழு, பிறந்த சில மாதங்களிலிருந்தே குழந்தைகளைப் பின்தொடர்ந்து, பிற்பாடு ஆட்டிசம் என்று உறுதியானவர்களின் பழைய பதிவுகளை மற்றக் குழந்தைகளின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் முகத்தைப் பார்ப்பதிலும் பிறரைப் பார்த்துச் சிரிப்பதிலும் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் பிறகுதான் அந்தச் சிரிப்பும் பார்வையும் படிப்படியாகக் குறைந்தன. அதைப் பெரும்பாலான பெற்றோர் ஒரு பின்னடைவாக உணரவே இல்லை. அவ்வளவு மெதுவாக நடந்தது. ஆக, "அப்போ சிரிச்சானே" என்று சொல்லும் அம்மா பொய் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை. ஆனால் நடுவில் யாரோ எதையோ செய்ததால் சிரிப்பு போயிற்று என்பது தவறு. மூளை வளரும் பாதையிலேயே அந்த மாற்றம் அடங்கியிருக்கிறது. ஒரு வயதுக்குள் அம்மா சிரித்த சிரிப்பின் கணக்கை எடுத்து அவர் மேல் வழக்குப் போட முடியாது.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்ற பெயர் சுற்றுகிறது. திரையைப் பார்த்ததால் ஆட்டிசம் வந்தது, திரையை நிறுத்தினால் போய்விடும் என்கிறார்கள். மருத்துவ உலகம் பின்பற்றும் நோய் வகைப்பாட்டு ஏடுகளில் இப்படி ஒரு நிலையே கிடையாது. சின்னக் குழந்தை மணிக்கணக்கில் திரை பார்ப்பது பேச்சு வளர்ச்சிக்கு நல்லதில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை; எந்தக் குழந்தைக்கும் அதைக் குறைப்பது நல்லது. ஆனால் அம்மாவைக் கூப்பிட்டு விளையாட்டுக்கு இழுக்காத, தனியாக இருக்கவே விரும்பும் குழந்தையின் கையில்தான் போன் அதிக நேரம் தங்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் செல்போனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மட்டும் மாறவில்லை.

சரி, பிள்ளைக்கு அம்மா வேண்டுமா, வேண்டாமா? அம்மாவும் சுவரும் ஒன்றுதானா? இதையும் ஊகத்துக்கு விடவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் மரியன் சிக்மனும் ஜூடி உங்கெரரும், ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளின் அறையிலிருந்து அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொல்லி, திரும்பி வரும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பிள்ளைகள் முன்பின் தெரியாதவரைவிட அம்மாவிடமே அதிகம் நெருங்கினார்கள். அதற்குப் பிறகு பலர் செய்த இதே வகை ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள் அம்மாவோடு உறுதியான, பாதுகாப்பான பிணைப்பில் இருப்பதாகச் சொன்னது. மற்றப் பிள்ளைகளைவிட இது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பூஜ்யத்துக்கும் பாதிக்கும் உள்ள தூரம் எவ்வளவு! ஓடிவந்து கட்டிக்கொள்ளாத பிள்ளை, அம்மா உட்கார்ந்த பாயின் ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரலாம். அம்மாவின் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருக்கலாம். அது பிணைப்பு இல்லையென்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இனி, அம்மா என்ன செய்கிறார் என்பதால் ஏதாவது வித்தியாசம் உண்டா என்ற கேள்வி. உண்டு, அதைப் பயப்படாமல் சொல்ல வேண்டும். 2002இல் மைக்கேல் சில்லரும் மரியன் சிக்மனும் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 25 பிள்ளைகளோடு பெற்றோர் விளையாடும் விதம் பார்க்கப்பட்டது. பிள்ளை எந்தப் பொம்மையைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுவது, அது செய்கிற காரியத்துக்கு ஒத்துப்போவது: இதுதான் அளக்கப்பட்டது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எவ்வளவு ஒத்துப்போனார்களோ அதே அளவுக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் ஒத்துப்போனார்கள். பதில் சிரிப்பு அடங்கிப்போயிருக்கலாம், ஆனால் பிள்ளையின் கவனத்தைப் பின்தொடரும் அக்கறை இம்மிகூடக் குறையவில்லை. குளிர்ந்த மனசுக்காரர்கள் செய்கிற காரியமா இது? அந்தப் பெற்றோர்களுக்குள்ளேயே அதிகம் ஒத்துப்போனவர்களின் பிள்ளைகள், பின்வந்த 16 ஆண்டுகள் வரையில் எடுத்த அளவீடுகளில் பேச்சிலும் பிறரோடு கவனத்தைப் பகிர்வதிலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். கூடிப்போகிற இரண்டு காரியங்களில் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. நன்றாகப் பதில் தரும் பிள்ளையோடு ஒத்துப்போவது சுலபமாகவும் இருந்திருக்கலாம். அதனால்தான் அடுத்து வந்த பரிசோதனைகள் முக்கியம்.

இங்கிலாந்தில் லண்டன், மான்செஸ்டர், நியூகாசில் ஆகிய இடங்களில் 152 பிள்ளைகளை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2010இல் வந்தது. பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்ட்டும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். "இந்த இடத்தில் அவன் லேசாகத் திரும்பினான், நீங்கள் காத்திருந்தீர்கள், அவன் ஒரு சத்தம் கொடுத்தான், பாருங்கள்" என்கிற மாதிரி, ஒத்துப்போன தருணங்களை எடுத்துக் காட்டுவார்கள். குறை சொல்லும் பாடம் அல்ல அது. பெற்றோரின் ஒத்துப்போகும் தன்மை வெகுவாகக் கூடியது. ஆட்டிசத்தின் தீவிரத்தில் ஏற்பட்ட மாற்றம் அப்போது முக்கியமான அளவுக்குத் தெரியவில்லை. ஆனால் சிகிச்சை முடிந்து சராசரியாக ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளிடம் தீவிரம் ஓரளவு குறைந்திருந்தது. இதே முறையை நம் பக்கத்துக்கு ஏற்றபடி மாற்றி, நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்து, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களில் செய்து பார்த்தார்கள். முடிவு 2016இல் வந்தது. அங்கும் பெற்றோரின் ஒத்துப்போதல் கூடியது, பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் கவனத்தைப் பகிர்ந்துகொள்ளும் நேரம் மட்டும் எதிர்பாராதவிதமாகக் குறைந்தது. எல்லாமே ஏறுமுகமாக இருந்தது என்று சொல்லி ஆசை காட்ட விரும்பவில்லை. ஆனால் பெரிய நகரத்துப் பெரிய சென்டர் இல்லாமலேயே, பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் துணையோடு அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ள சிக்கலைத் தளர்த்த முடியும் என்பது நம் மண்ணிலேயே தெரிந்துவிட்டது.

"பார்த்தீர்களா, அம்மா மாறினால் பிள்ளை மாறுகிறது, அப்படியானால் அம்மாதானே காரணம்" என்று யாராவது திரும்பவும் வரலாம். ஒன்று உதவுகிறது என்பதால், அது இல்லாததுதான் காரணம் என்று ஆகாது. இந்தப் பெற்றோர்கள் மற்றப் பெற்றோருக்குச் சமமாகவே ஒத்துப்போகிறார்கள் என்று மேலே பார்த்தோம். இந்தப் பிள்ளைகளுக்குச் சமம் போதவில்லை, சமத்தைவிட அதிகம் தேவைப்படுகிறது. சாதாரணமாக யாரும் கவனிக்கத் தேவைப்படாத மெல்லிய அசைவைக் கவனித்து, ஜன்னலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பையும் தனக்கு வந்ததாகவே எடுத்துக்கொண்டு பதில் தரும் திறமை அது. யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை. கற்றுக்கொடுத்தால் வரும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. முதலாவது அம்மாக்களிடமிருந்து: "சமையல், வேலை, ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று ஓடுகிறவள் தலையில் இன்னொரு பயிற்சியா? அம்மாவை இருபத்து நான்கு மணி நேர தெரபிஸ்ட் ஆக்கவா பார்க்கிறீர்கள்?" இந்தக் கோபம் முழுக்க நியாயமானது. களைத்துப்போன முகத்தில் பதில் சிரிப்பு தாமதமாகத்தான் வரும். அதனால் பயிற்சி பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது ஓய்வைப் பற்றி. அம்மாவின் தோளிலிருந்து வேறு எதை இறக்கி வைக்கப் போகிறோம் என்று அப்பாவும் மாமியாரும் சொல்லட்டும், அப்புறம் பயிற்சிக்குத் தேதி குறிக்கலாம். டாசனின் ஆய்வு அம்மாக்களை மட்டும் பார்த்தது அதன் குறைதான். 16 குடும்பங்கள் என்பதும் சிறிய எண்ணிக்கைதான். நம் வீடுகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது தாத்தாவாக இருக்கலாம், ஊட்டிவிடுவது சித்தியாக இருக்கலாம். அந்த வீடியோவின் முன்னால் உட்கார வேண்டியவர்கள் அவர்களும்தான்.

இரண்டாவது ஆட்சேபம் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமிருந்து வருகிறது. பார்வையும் சிரிப்பும் சேர வேண்டும் என்று யார் விதித்தது, அது உங்கள் வழக்கம்தானே என்கிறார்கள். கண்ணைப் பார்ப்பது தங்களுக்குச் சங்கடமாக, சிலருக்கு வலியாகவே இருக்கிறது என்று அவர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். 1993இல், தானே ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர், பெற்றோர்கள் கூடிய மாநாட்டுக்கு எழுதிய உரையில், உறவு கிடைக்காது என்று நினைக்காதீர்கள், நீங்கள் பழகிய வழியில் தேடினால் கிடைக்காது என்ற பொருளில் வாதிட்டார். 2012இல் டேமியன் மில்டன் அதையே கோட்பாடாக வைத்தார்: புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்பதுபோலவே மற்றவருக்கும் ஆட்டிசம் உள்ளவரைப் புரியவில்லை. இந்த ஆட்சேபத்தை நான் மறுக்கவில்லை, ஏற்கிறேன். 1990 ஆய்வின் எண்களையே இந்தக் கண்ணோட்டத்தில் படிக்கலாம்: பிள்ளை அம்மாவின் சிரிப்புக்குக் குறைவாகவே பதில் தந்தது, அம்மாவும் பிள்ளையின் சிரிப்புக்குக் குறைவாகவே பதில் தந்தார். இரு பக்கமும் சறுக்கல் இருக்க, சிகிச்சை மட்டும் பிள்ளைக்கு என்று ஏன் வைத்தோம்? "என்னைப் பார், என்னைப் பார்" என்று தாடையைப் பிடித்துத் திருப்பி, பார்த்தால் ஒரு மிட்டாய் என்று பழக்குவதால் கண் வரலாம். கூடவே சிரிப்பு வருமா? வராது. தன்னிச்சையாக வந்துகொண்டிருந்த சிரிப்பும் அந்த அறையில் நின்றுபோகும். பெரியவர்தான் நகர முடிகிறவர். பிள்ளை தரையைப் பார்த்துச் சிரித்தால் அம்மா தரையில் உட்காரலாம், பிள்ளையின் சத்தத்தையே திருப்பிச் சொல்லலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம்.

நம் ஊர் அளவுகோலையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகப் பயன்படுத்தும் ஆட்டிச மதிப்பீட்டுப் பட்டியலில் 40 கேள்விகள். முதல் கேள்வி கண் தொடர்பு குறைவா என்பது. இரண்டாவது சமூகச் சிரிப்பு இல்லையா என்பது. சான்றிதழுக்கு அது தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகும் அம்மாவுக்கு, தன் பிள்ளைக்கு எது இல்லை என்பது மட்டும்தான் எழுத்தில் கிடைக்கிறது. எதற்குச் சிரிக்கிறான், சிரிக்கும்போது எங்கே பார்க்கிறான், சந்தோஷம் வந்தால் கையை உதறுகிறானா, குதிக்கிறானா, அம்மாவின் மடிக்கு முதுகைச் சாய்க்கிறானா என்று ஒரு வரி எழுதிக்கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. அந்த ஒரு வரி கையில் இருந்தால், சொந்தக்காரர்களின் இரண்டு தீர்ப்புகளுக்கும் அம்மா பதில் சொல்லிக்கொள்வார்.

தெரபி சென்டர் நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பல இடங்களில் பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறீர்கள். அம்மா நாற்பத்தைந்து நிமிடம் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சிக்கல் இருவருக்கும் நடுவில் இருக்கும்போது ஒருவரை வெளியே வைத்துவிட்டு எதைச் சரிசெய்ய முடியும்? வாரத்தில் ஒரு வகுப்பிலாவது அம்மாவையோ அப்பாவையோ பாட்டியையோ உள்ளே கூப்பிடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் போனிலேயே ஐந்து நிமிட விளையாட்டைப் படம் பிடியுங்கள். கூடவே உட்கார்ந்து போட்டுப் பார்த்து, அவர்கள் கவனிக்கத் தவறிய சிரிப்பை நிறுத்திக் காட்டுங்கள்.